அம்பு பட்ட மானின் பின்னால் எப்போது போவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதி, அக்டோபர் கடைசி, பொழுது சாயும் நேரம். மரப் பரணில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, 25 கெஜ தூரத்தில் நடந்துபோன வெள்ளைவால் மான்மீது அம்பு விட்டிருக்கிறார். அம்பு ஊடுருவி மறுபக்கம் போய்விட்டது. மான் முதுகைக் கூனிக்கொண்டு நாலு எட்டு ஓடி, அப்புறம் நடந்தே புதருக்குள் மறைந்திருக்கிறது. மழை வரப்போவதாகப் போன் சொன்னதால், இருபது நிமிடத்தில் இறங்கி டார்ச்சோடு பின்னால் போனார். நூறு கெஜத்தில் ஏதோ எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. அதன்பிறகு ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. "நான் குறி பார்த்தது தப்பா, தேடியது தப்பா?" என்று கேட்கிறார்.

இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தம்பி, மான் கையைவிட்டுப் போனது அந்த இருபது நிமிடத்தில்தான்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. பதினோரு வருடமாக அதே மாநிலத்தில் வில்லைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன். ஒரு பெண் மான். அம்பில் பச்சைக் கறை, நாற்றம் வேறு. அது என்னவென்று தெரியாமல், ரத்தம் இருக்கிறதே என்ற குஷியில் பின்னாலேயே போனேன். படுத்திருந்த மானை மூன்று முறை எழுப்பிவிட்டேன். மூன்றாவது முறை அது ஓடையைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் போய்விட்டது. நிலத்துக்காரரைப் பிடித்து அனுமதி வாங்குவதற்குள் மறுநாள் மத்தியானம். கண்டுபிடித்தபோது கொயோட்டிகள் (ஓநாய் இனத்துச் சின்னக் காட்டு விலங்குகள்) இரண்டு பின்னந்தொடையையும் தின்று முடித்திருந்தன. எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்த பால்பண்ணைக்காரக் கிழவர் திட்டவில்லை. "இனிமேல் அம்பை எடுத்ததும் முதலில் மோந்து பார்" என்று மட்டும் சொன்னார்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை சிறைக்குப் போகிற குற்றம். நான் பேசுவது உரிமம் வாங்கி, சீசனில், எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு நடக்கும் அமெரிக்க வேட்டையைப் பற்றி. வில்லுக்கென்று தனியாக மான் சீசன் வைத்த முதல் அமெரிக்க மாநிலமே விஸ்கான்சின்தான், 1934 இல்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அம்பு எப்படிக் கொல்கிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

துப்பாக்கி ரவை பாயும் வேகத்தில் சுற்றியுள்ள சதையையும் சேர்த்துக் கிழித்துக் கலக்கிவிடும். மான் பல சமயம் நின்ற இடத்திலேயே விழும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. சுமார் 26 கிராம் எடையுள்ள கார்பன் தண்டு, நொடிக்கு 280 அடி வேகம், முனையில் சவரக்கத்தி மாதிரி இரண்டு மூன்று பிளேடு. அது செய்வது ஒரே வேலைதான், வெட்டுவது. மான் சாவது ரத்தம் வடிந்து. 150 பவுண்டு மானின் உடம்பில் ஏறக்குறைய நாலு லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறினால் மான் சாய்ந்துவிடும். இரண்டு நுரையீரலும் வெட்டுப்பட்டால் இதற்குச் சில நொடிகள் போதும். பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கெஜத்துக்குள் விழுந்து கிடக்கும். ஈரலில் பட்டால் மணிக்கணக்கு ஆகும். இரைப்பையிலோ குடலிலோ பட்டால் பத்து மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

பிளேடு கூராக இருந்தால் மானுக்குத் தனக்கு என்ன நடந்தது என்றே பல சமயம் தெரிவதில்லை. அம்பு துளைத்துப் போன பிறகும் பத்தடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்த மானை நான் பார்த்திருக்கிறேன். துரத்துகிற சத்தம் எதுவும் இல்லை என்றால், வயிற்றில் காயம்பட்ட மான் இருநூறு கெஜத்துக்குள் ஒரு நல்ல மறைவைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். படுத்த இடத்திலேயே செத்தும் போகும். நீங்கள் டார்ச்சோடு போய் எழுப்பிவிட்டால், பயத்தில் அரை மைல் ஒரு மைல் ஓடும். அதற்குள் குடலோ கொழுப்போ காயத்தின் வாயை அடைத்துக்கொள்ளும், சொட்டு நின்றுவிடும். நீங்கள் கேட்ட அந்தச் "சத்தம்" இதுதான்.

இப்போது குறி. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது நமக்குப் பின்புறம் காட்டிச் சற்றே சாய்வாக நிற்க வேண்டும். முன்னங்கால் முன்னால் எட்டி வைத்திருந்தால் இன்னும் நல்லது, சப்பை எலும்பு விலகி நெஞ்சு திறந்திருக்கும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், அடிவயிற்றுக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம், அதுதான் இடம். நம்மைப் பார்த்து வருகிற மாதிரி சாய்ந்து நிற்கும் மான்மீது அம்பு விடவே கூடாது. அம்பு ஒரு நுரையீரலைத் தொட்டுவிட்டு நேராக வயிற்றுக்குள் போய்விடும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 கெஜம் என்பது 75 அடி. அம்பு போய்ச் சேரக் கால் நொடிக்குக் கொஞ்சம் அதிகம். மெதுவாக மேய்ந்துகொண்டே நடக்கும் மான்கூட அந்த நேரத்தில் முக்கால் அடி நகர்ந்துவிடும். நீங்கள் நுரையீரலைப் பார்த்து விட்டது ஈரலுக்கும் இரைப்பைக்கும் நடுவில் போய் விழுந்திருக்கிறது. மான் நடக்கும்போது விடாதீர்கள். வாயால் மெதுவாக ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தால் நின்று பார்க்கும், அப்போது விடுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நின்ற மான் உஷாராகிவிட்ட மான். ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. நாண் அதிரும் சத்தம் அம்பைவிட ஐந்தில் ஒரு நொடி முன்னதாக அதன் காதில் விழும். தாவி ஓடுவதற்காக மான் முதலில் காலை மடக்கிக் கீழே பதுங்கும், அம்பு முதுகுக்கு மேலே போகும். அதனால் உஷாரான மானுக்குக் கொஞ்சம் தாழ்த்திக் குறி வைப்பார்கள். நாற்பது கெஜத்தில் இந்த நேரமெல்லாம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஐம்பது கெஜத்தில் பயிற்சி இலக்கு அட்டையில் அழகாகக் குத்துகிறவர்களும் காட்டில் இருபத்தைந்தோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

அம்பு விட்டாகிவிட்டது. இனி நீங்கள் செய்ய வேண்டியது, பரணிலேயே அசையாமல் உட்கார்ந்திருப்பது. கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், பரவாயில்லை. கண் மட்டும் மானைவிட்டு விலகக் கூடாது. எந்த மரத்தடியில் நின்றபோது அடித்தீர்கள், கடைசியாக எந்த மரத்துக்கும் எந்தப் புதருக்கும் நடுவில் மறைந்தது, இந்த இரண்டு இடத்தையும் போனிலுள்ள திசைகாட்டியை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிற மரம், கீழே இறங்கியதும் நூறு மரத்தில் ஒன்றாகிவிடும். மறைந்த பிறகு காது கொடுங்கள். சருகு மேல் ஓடும் சத்தம், பிறகு தடால் என்று ஒரு சத்தம், பிறகு நிசப்தம் என்றால் விழுந்துவிட்டது.

மான் போன விதமும் பேசும். பின்னங்காலை உதைத்து எகிறி, வாலைத் தாழ்த்திக்கொண்டு தலைதெறிக்க ஓடினால் பெரும்பாலும் நெஞ்சில் பட்டிருக்கிறது. முதுகைக் கூனி, வாலை இடுக்கி, மெதுவாக நடந்து போனால் வயிறு. உங்கள் கேள்வியில் "கூனிக்கொண்டு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் படித்ததுமே எனக்கு மிச்சக் கதை தெரிந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து, சத்தம் போடாமல் இறங்கி, அம்பு கிடக்கும் இடம் வரை மட்டும் போங்கள். வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போனதாகப் பள்ளியில் படித்தோம். நம் அம்பு ஒரு மானைத் துளைத்து மண்ணில் குத்தி நின்றால் போதும், அது ஒரு கடிதம் மாதிரி. எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்பு ரத்தம், அதில் பொடிப்பொடியாக நுரைக் குமிழி என்றால் நுரையீரல். குமிழி இல்லாமல் பளிச்சென்ற சிவப்பு என்றால் தசையாக இருக்கலாம். தசைக் காயத்தில் முதல் நூறு கெஜம் ரத்தம் தாராளமாகக் கொட்டும், பிறகு குறைந்து நின்றுபோகும், அந்த மான் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். தண்ணியாகக் கொஞ்சம் ரத்தம், கூடவே பச்சையோ பழுப்போ திப்பி, மூக்கருகே கொண்டுபோனால் சாணமும் புளித்த தீவனமும் கலந்த நாற்றம் என்றால் வயிறு. இரண்டு விரலால் தண்டைத் தடவிப் பாருங்கள், மெழுகு மாதிரி வழுக்கினால் அது கொழுப்பு, முதுகையோ நெஞ்சடியையோ உரசிப் போயிருக்கிறது.

தரையில் முடியும் கிடக்கும். அதை யாரும் குனிந்து எடுப்பதில்லை. முரட்டு வெள்ளை முடி நிறைய என்றால் அடிவயிறு. பழுப்பில் கருமுனை என்றால் விலாப்பக்கம்.

இனி காத்திருப்பது. நுரையீரல் என்று உறுதியாகத் தெரிந்தால் அரை மணி நேரம். ஈரல் என்றால் நாலு முதல் ஆறு மணி நேரம். வயிறு என்றால் எட்டு முதல் பன்னிரண்டு, அதாவது சாயங்காலம் அடித்தால் மறுநாள் விடிந்துதான். சந்தேகமாக இருந்தால் எப்போதும் அதிக நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செத்துக் கிடக்கும் மான் எங்கும் போய்விடாது.

"மழை வந்தால் ரத்தம் கழுவிப் போய்விடுமே" என்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் வயிற்றில் பட்ட மான் மழை இல்லாவிட்டாலும் அதிகம் ரத்தம் சிந்தாது. இல்லாத தடத்தைக் காப்பாற்றப் போய், இருக்கிற மானை ஓட்டிவிடக் கூடாது. நுரையீரலில் பட்டு மழை வருகிறதென்றால் அது வேறு. உடனே போங்கள், அந்த மான் ஏற்கெனவே செத்திருக்கும்.

கறி கெட்டுவிடுமா என்பதும் ஒரு கவலை. இரவு வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஒன்றும் ஆகாது. செப்டம்பர் நடுவில் சீசன் தொடங்கும்போது சில நாள் இரவிலேயே 15, 18 டிகிரி இருக்கும். அப்போது வயிற்றில் பட்டால் உண்மையிலேயே தர்மசங்கடம். பின்னங்கால் கறியில் கொஞ்சம் போனாலும் போகட்டும் என்று நான் ஆறு மணி நேரமாவது பொறுப்பேன். கொயோட்டி வருமா என்றால் வரலாம். ஆனால் ஓட்டிவிட்ட மானுக்கும் கொயோட்டி வரும்.

தடம் பார்ப்பதில் முதல் விதி, தடத்தின்மேல் நடக்காதீர்கள். ஒரு பக்கமாக ஒதுங்கி நடங்கள். இரண்டு பேர் போதும். கூட்டம் சேர்த்துக்கொண்டு போனால் சருகெல்லாம் புரண்டுவிடும். ஒருவர் கடைசியாகப் பார்த்த ரத்தத்தின் பக்கத்திலேயே நிற்க வேண்டும், இன்னொருவர் அடுத்ததைத் தேட வேண்டும். கிடைத்ததும் "இங்கே" என்றால் நின்றவர் நகரலாம். ஒவ்வொரு பத்துக் கெஜத்துக்கும் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைக் கிளையில் சொருகிக்கொண்டே போங்கள், மழையில் தானாகக் கரைந்துவிடும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மான் எந்தப் பக்கம் வளைகிறது, பள்ளத்துக்கா மேட்டுக்கா என்பது அந்த வரிசையில்தான் தெரியும்.

விழுந்த சொட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன விரல் மாதிரித் தெறித்திருக்கும். மான் போகும் திசையில்தான் அந்த விரல்கள் நீளும். தரையை மட்டும் பார்க்காதீர்கள்; முழங்கால், தொடை உயரத்தில் புல்லிலும் செடித் தண்டிலும் தேய்த்துவிட்டுப் போயிருக்கும். பரணிலிருந்து அடித்தால் அம்பு மேலே நுழைந்து கீழே வெளியேறும், அந்தக் கீழ் ஓட்டைதான் தடம் போடும். கீழ் ஓட்டை இல்லாமல் அம்பு உள்ளேயே நின்றுவிட்டால், நெஞ்சுக்கூடு பாதி நிரம்பும் வரை ரத்தம் வெளியே வராது. முதல் ஐம்பது கெஜம் ஒன்றுமே இல்லாமல், பிறகு திடீரென்று தொடங்கும். அதனால் ரத்தம் இல்லை என்றதும் "படவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அக்டோபரில் மேப்பிள் இலை பெரிய தொல்லை. இலையிலேயே சிவப்புச் சிவப்பாகப் புள்ளி இருக்கும், டார்ச் வெளிச்சத்தில் அசல் ரத்தம்தான். ஒரு தடவை அரை மணி நேரம் வெறும் இலையைப் பின்தொடர்ந்து போய்விட்டேன். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், ரத்தம் என்றால் விரலில் ஒட்டும், இலைப்புள்ளி ஒட்டாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு ஸ்பிரே பாட்டிலில் எடுத்துப்போவதும் உண்டு. ரத்தத்தில் பட்டால் வெள்ளையாக நுரைக்கும். காய்ந்து கறுத்த சொட்டுக்கு ரொம்பப் பயன்படும்.

ரத்தம் நின்றுபோனால் கடைசிச் சொட்டுக்குத் திரும்புங்கள். மண்டியிட்டுப் பாருங்கள், நின்று பார்ப்பதில் பாதி தவறும். ஓடிய மானின் குளம்பு சருகைப் புரட்டிப் போட்டிருக்கும், ஈரமான அடிப்பக்கம் கறுப்பாகத் தெரியும். அதுவும் இல்லையென்றால் அங்கிருந்து சின்ன வட்டமாகத் தொடங்கி விரித்துக்கொண்டே போங்கள். வயிற்றில் பட்ட மான் தண்ணீரை நோக்கிப் போவதை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள், நானும் இரண்டு முறை ஓடைக்கரையில்தான் கண்டுபிடித்தேன். விழுந்த மரத்தின் மறைவு, உயர்ந்த புல், சோளக்காட்டு ஓரம் எதையும் விடாதீர்கள். முழு மான் தேடாதீர்கள். வெள்ளை வயிறு, ஒரு காது, கொம்பின் ஒரு கிளை, அவ்வளவுதான் தெரியும்.

அப்படியும் இல்லையா, நாய். இதைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, வயிற்றுக் காயம் என்று தெரிந்த அன்று ராத்திரியே போன் செய்து சொல்லி வைக்க வேண்டிய ஆள் இவர்தான். ஜெர்மனியில் ரத்தத் தடம் பார்க்கவே நாய் வளர்ப்பது பழைய மரபு. அங்கிருந்து வந்த முரட்டு முடி டாக்ஸ்ஹண்ட் இங்கே பிரபலம். முழங்கால் உயரம்கூட இருக்காது, நீளக் கயிற்றில் கட்டியபடி மூக்கைத் தரையில் வைத்து இழுத்துக்கொண்டு போகும். அதற்கு ரத்தமே வேண்டியதில்லை. மானின் குளம்புப் பிளவுக்கு நடுவே ஒரு சுரப்பி உண்டு, அந்த வாசனையை வைத்தே மற்ற மான்களிலிருந்து இந்த மானைப் பிரித்தறிந்துவிடும். ஒரு இரவு கழிந்தாலும் கண்டுபிடிக்கும். நாலு பேர் மிதித்து, காலணியில் ரத்தத்தை ஒட்டி ஊரெல்லாம் பரப்பிய இடத்தில்தான் திணறும். ஆகவே நாயைக் கூப்பிடுவதாக இருந்தால் நீங்கள் தேடுவதை நிறுத்திவிடுங்கள். யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் என்ற அமைப்பின் தளத்தில் மாநிலவாரியாக நாய்க்காரர்களின் பட்டியல் இருக்கிறது. டிரோன் வைத்துத் தேடுவது மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் விஷயம், உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விஸ்கான்சினில் இன்னொன்றும் உண்டு. உங்கள் மான் அடுத்தவர் வேலிக்குள் போய் விழுந்திருந்தாலும், நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. சீசன் தொடங்கும் முன்பே அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். என் அனுபவத்தில் வீட்டு முறுக்கு நல்ல பலன் தந்தது.

மான் கிடக்கிறது என்றால் பின்பக்கமாக, முதுகுப் பக்கம் வழியாகப் போங்கள். கண் திறந்திருந்தால் பெரும்பாலும் செத்திருக்கும், மூடியிருந்தால் நில்லுங்கள். நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள், இமை அசையவில்லை என்றால் சரி. உடனே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட வேண்டும். வயிற்றுக் காயம் என்றால் பச்சைக் கசிவு பட்ட கறியைத் தயங்காமல் அறுத்து எறியுங்கள். கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் மாநில இயற்கை வளத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அப்படியே தலையைப் பரிசோதனைக்கும் கொடுத்துவிடுங்கள். சிடபிள்யூடி என்னும் மான் மூளை நோய் விஸ்கான்சினில் 2002 இல் கண்டுபிடிக்கப்பட்டது, உங்கள் தென்மேற்குப் பகுதியில்தான் அது அதிகம். மனிதனுக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. சோதனை இலவசம். முடிவு வரும்வரை கறியைத் தனியாகப் பெயர் எழுதி ஃபிரீசரில் வையுங்கள்.

இனி உங்கள் மான். இரண்டு நாள் ஆகிவிட்டது, நடுவில் மழையும் பெய்திருக்கிறது. சாப்பிடும் நிலையில் கிடைக்காது. ஆனாலும் இன்னொரு காலை போய் வாருங்கள். சத்தம் கேட்ட இடத்திலிருந்து சரிவில் இறங்கி, ஓடை எங்கே இருக்கிறதோ அந்தக் கரை இரண்டையும் முழுக்க நடந்து பாருங்கள். காகம் கூட்டமாகக் கத்தும் இடத்தில் நின்று கவனியுங்கள். கிடைத்தால் தோலைத் திருப்பி, அம்பு எங்கே நுழைந்து எங்கே வெளியேறியது என்று கையை வைத்து அளந்து பாருங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், சட்டம் கேட்கவில்லை என்றாலும், நானாக இருந்தால் அனுமதிச் சீட்டை இந்த மானுக்குப் போனதாகவே வைத்துக்கொண்டு இந்த வருடம் வில்லை மாட்டி வைத்துவிடுவேன். நீங்கள் என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். அம்பை மட்டும் கழுவிவிடாமல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் மோந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.